காந்தம் தானாகச் செத்துப்போகாது

ஆசிரியருக்கு வணக்கம்.

நிரந்தரக் காந்தம் எதுவாயினும் பத்து வருடத்தில் வலுவிழந்துவிடும் என்று சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் வந்திருந்தது. அது தவறு. அதை நம்பினால் பள்ளி ஆய்வகங்களில் நல்ல காந்தங்களும் குப்பைக்குப் போய்விடும்.

என்ன காந்தம் என்று பார்க்காமல் ஆயுளைச் சொல்ல முடியாது. பழைய எஃகுச் சட்டகாந்தம் கீழே விழுந்தாலும், பெட்டியில் கண்டபடி கிடந்தாலும் வலு குறையும். அதற்காகத்தான் பெட்டியோடு ஒரு மரத்துண்டும் இரண்டு தேனிரும்புத் (மென்மையான இரும்பு) துண்டுகளும் வருகின்றன. மரத்துண்டு இரண்டு காந்தங்களுக்கு நடுவில்; ஒரு காந்தத்தின் வடமுனைக்குப் பக்கத்தில் மற்றதன் தென்முனை; இரு தலைப்பிலும் தேனிரும்பு. பல ஆய்வகங்களில் முதலில் காணாமல் போவது இந்த இரும்புத் துண்டுகள்தான்!

ஸ்பீக்கரில் இருக்கும் கறுப்பு ஃபெரைட் (இரும்பு ஆக்சைடால் ஆன காந்தம்) வளையத்துக்கு இந்தக் கவனிப்பெல்லாம் தேவையில்லை. அது ஆக்சைடு என்பதால் துருவும் பிடிக்காது. ஃப்ரிட்ஜ் கதவுப் பட்டைக்குள் இருப்பதும் ஃபெரைட் தூள்தான். கதவு ஒட்டவில்லையென்றால் பெரும்பாலும் ரப்பர் விறைத்திருக்கும், அல்லது அழுக்கு சேர்ந்திருக்கும். காந்தத்தைக் குறை சொல்லாதீர்கள்.

நியோடிமியம் என்ற உலோகம் கலந்த வலுவான காந்தத்தின் எதிரி சூடு. சாதாரண ரகம் 80 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். மெல்லிய வில்லையாக இருந்தால் அதற்கும் முன்பே வலுவை விட்டுவிடும். 60 டிகிரியில் குறையும் ஐந்து சதவீதம் ஆறியதும் திரும்பிவிடும். ஆனால் சூடான பசைத் துப்பாக்கியால் ஒட்டும்போது இழந்தது, மறுபடி காந்தமேற்றினால்தான் வரும். சூடாக்காமல் எபாக்சி பசையில் ஒட்டுவதே நல்லது. இன்னொன்று, நிக்கல் பூச்சு ஓரத்தில் பெயர்ந்தால் ஈரம் உள்ளே போய் காந்தமே பொடிப்பொடியாக உதிரும். கடலோர ஊர்களில் இதைக் கவனிக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். திசைகாட்டிக்குக் கிழக்கே, முனை அதை நோக்கியிருக்க, காந்தத்தை மெல்ல நகர்த்துங்கள். முள் 45 டிகிரி திரும்பும் தூரத்தைக் குறித்துவையுங்கள். 20 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட நியோடிமிய வில்லைக்கு அது சுமார் 20 செ.மீ. வரும். அடுத்த வருடம் அதே இடத்தில் அளக்கும்போது 19.3 செ.மீ. என்றால் வலு பத்து சதவீதம் போயிருக்கிறது. காந்தத்தின் விளைவு தூரத்தின் மும்மடிக்கு (தூரம் × தூரம் × தூரம்) ஏற்பக் குறைவதால், ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் கணக்கு ஒன்றரை சதவீதம் மாறிவிடும். பக்கத்தில் இரும்பு மேசை இருக்கவே கூடாது.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்,
மதுரை