பனியில் நின்றவர்களுக்காகக் கூடிய உங்களுக்கு எங்கள் நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

உசிலம்பட்டிப் பக்கத்து எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில், வடக்கு எல்லையில் சியாச்சின் பனிமலையிலும் லடாக்கிலும் காவல் நின்று திரும்பிய பட்டாளத்துக்காரர்களை அழைத்து மரியாதை செய்த நிகழ்ச்சி நல்லபடியாக நடந்து முடிந்தது. கைகொடுத்தவர்கள் ஒவ்வொருவரையும் வீடு தேடி வந்து பார்ப்பதுதான் முறை. பல ஊர்களில் இருக்கிறீர்கள் என்பதால் இந்த மடல்.

முதல் நன்றி, மேடை ஏறச் சம்மதித்த அய்யாமார்களுக்கு. அவர்களைச் சம்மதிக்க வைப்பது லேசான காரியமாக இல்லை. "நாங்க என்னப்பா பெருசா செஞ்சுட்டோம்? குளிர்ல நின்னோம், வந்துட்டோம்" என்றே பலரும் சொன்னார்கள். பதக்கம் வாங்கியவர்களை மட்டும் கூப்பிட்டால் போதும் என்று எங்கள் குழுவிலேயே ஒரு பேச்சு வந்தது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1984 ஏப்ரல் 13 அன்று 'மேகதூத்' நடவடிக்கையில் நம் படை சியாச்சினில் ஏறியது. 2003 நவம்பரில் பாகிஸ்தானோடு போர்நிறுத்தம் வந்து துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்தது. குளிர் ஓயவில்லை. அங்கே குண்டுபட்டு இறந்தவர்களைவிடக் குளிராலும் பனிச்சரிவாலும் மூச்சுத்திணறலாலும் இறந்தவர்கள்தான் அதிகம். அப்படி இருக்கும்போது, குளிரில் நின்றதே சண்டை போட்டதுதான். அதற்குப் பதக்கம் எல்லோருக்கும் கிடைத்துவிடாது.

ஐஸ் கம்பெனி அண்ணனுக்கு அடுத்த நன்றி. காசு வாங்காமல் ஒரு முழு ஐஸ் பாரைச் சாக்கில் சுற்றி அனுப்பிவைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அதில் உள்ளங்கையை வைக்கச் சொன்னோம். சிரித்துக்கொண்டே வைத்தவர்கள், ஒரு நிமிடம் ஆவதற்குள் கையை உதறினார்கள். பக்கத்தில் நின்ற ஹவில்தார் அய்யா, "இது சும்மா 0 டிகிரி, கண்ணு. நாங்க இருந்த இடம் இதுக்கும் கீழே 40, 50. அங்கே வெறுங்கையால துப்பாக்கி இரும்பைத் தொட்டா, தோல் ஒட்டிக்கிட்டு உரிஞ்சு வந்துரும்" என்றார். கூடம் அமைதியாகிவிட்டது. மார்கழியில் 20 டிகிரிக்கு இறங்கினாலே மஃப்ளர் தேடுகிற ஊர் இது.

அப்புறம் பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். தண்ணீருக்கு என்ன செய்வீர்கள்? பனியை வெட்டி எடுத்து மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் வைத்து உருக்க வேண்டும். அந்தப் புகையிலேயே இருந்து இருந்து, துப்பினால் எச்சில் கறுப்பாக வரும். பழம் கிடைக்குமா? ஹெலிகாப்டரில் ஆரஞ்சு வரும், கைக்கு வரும்போது கல்லாகியிருக்கும். எப்படி நடப்பீர்கள்? இடுப்பில் கயிறு கட்டி, ஒருவர் பின்னால் ஒருவராக. பனிக்கு அடியில் பிளவு இருக்கும், ஒருவர் உள்ளே போனால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்க வேண்டும்.

தன் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஓர் அய்யா, மேடையிலேயே ஷூவைக் கழற்றி இடது காலைக் காட்டினார். இரண்டு விரல்கள் இல்லை. கடுங்குளிரில் நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்ற உடம்பு ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், கைகால் விரல்களுக்கு ரத்தம் குறைந்துவிடும். முதலில் மரத்துப்போகும், வலிக்கவே வலிக்காது, வலிக்காததுதான் ஆபத்து என்று நிதானமாக விளக்கினார். சொந்தபந்தம் வீட்டு விசேஷத்தில்கூட அவர் ஷூவைக் கழற்றியதில்லை என்று அவர் வீட்டு அத்தை சொன்னார்கள். மைக் பிடிக்கக் கூச்சப்பட்டாலும், கடிதம் வராத மாதங்களைப் பற்றி எழுந்து நின்று பேசிய அந்த அத்தைக்குத் தனியாக நன்றி சொல்கிறேன்.

1962 சீனப் போரை மறக்கக்கூடாது என்று லடாக்கின் ரெசாங் லா கணவாய் பற்றிப் பேசிய ஓய்வுபெற்ற சுபேதார் அய்யாவுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். நவம்பர் 18, 16,000 அடிக்கு மேலே, அந்தக் குளிருக்குப் போதாத உடுப்போடு, மேஜர் சைத்தான் சிங் தலைமையில் 13-வது குமாவோன் படைப்பிரிவின் ஒரு கம்பெனி வீரர்கள் அங்கே நின்றார்கள். 110 பேருக்கும் மேல் உயிர்விட்டார்கள். அடுத்த பிப்ரவரியில்தான் உடல்களைக் கண்டெடுத்தார்கள். பலர் ஆயுதத்தைப் பிடித்தபடியே உறைந்திருந்தார்கள்.

2016 பிப்ரவரி 3-ஐப் பேசும்போது யாராலும் சாதாரணமாக இருக்க முடியவில்லை. ஏறக்குறைய 19,600 அடி உயரத்தில் சியாச்சினில் இருந்த சோனம் முகாம் பனிச்சரிவில் மூடிப்போக, 19-வது மெட்ராஸ் பட்டாலியனின் பத்துப் பேர் புதைந்தார்கள். ஆறு நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்துபோனார். அந்தப் பத்துப் பேரில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் நம் மதுரை மாவட்டம், ஒருவர் பக்கத்துத் தேனி. அவர்களுக்காகக் கூடமே எழுந்து நின்றது. மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று முழங்கியபோது, 75 வயதைத் தாண்டியவர்கள்கூடக் கம்பை ஓரமாக வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்கள்.

மைக் செட்டுக்கு வாடகை வாங்காத தம்பி, பழைய போட்டோக்களைப் பெரிதாக்கித் தந்த ஸ்டுடியோக்காரர், வரிசை கட்டி நின்று வரவேற்ற என்.சி.சி. பிள்ளைகள், விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டி அத்தனை பேருக்கும் கறிச்சோறு ஆக்கிப் போட்ட மகளிர் குழு அக்காமார்கள், எல்லோருக்கும் நன்றி. செலவு போக மிஞ்சிய பணத்தைக் கொடிநாள் நிதிக்குக் கட்டுகிறோம். ரசீது வந்ததும் சமுதாயக் கூடத்துச் சுவரில் ஒட்டிவிடுவோம்.

அய்யாமார்கள் பேசியதையெல்லாம் பதிவு செய்து வைத்திருக்கிறோம், பள்ளி நூலகத்துக்கு ஒரு பிரதி போகும். சேடபட்டி, பேரையூர்ப் பக்கம் உடம்பு முடியாமல் வர இயலாதவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கான சால்வையை வீட்டுக்கே கொண்டுவந்து போர்த்துகிறோம். அதற்கு வண்டி தருவதாகச் சொன்ன மாமாவுக்கும் இப்போதே நன்றி சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
விழாக் குழுவினர் சார்பாக