டோன் ஃபைல் கட்டணம் பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

வள்ளியூர், களக்காடு, அம்பாசமுத்திரம் பக்கத்துக் கச்சேரிக் குழுக்களும் பாளையங்கோட்டைப் பாடகர் குழுக்களும் கீபோர்டில் எது கெட்டாலும் முதலில் நம் கடைக்குத்தான் வருகிறீர்கள். அதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டோன் என்றால் கீபோர்டில் வரும் ஒவ்வொரு வாத்தியச் சத்தம். கம்ப்யூட்டரில் உள்ள இசை சாஃப்ட்வேர் உங்கள் கீபோர்டின் டோன்களைப் பெயரோடு காட்டி, தேர்ந்தெடுத்ததைக் கீபோர்டில் வரவைப்பதற்கான பட்டியல்தான் டோன் ஃபைல். கொஞ்ச நாளாக ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது. 'டோன் பேரை டைப் அடித்து ஒரு ஃபைலாகத் தருவதற்கு இவ்வளவு காசா? நெட்டில் சும்மா கிடைக்கிறதே' என்று. கூடவே, நம் ஃபைலைப் போட்டால் ஆர்கன் வரவேண்டிய இடத்தில் வேறென்னவோ வருகிறது என்றும் புகார். பேசியவர் பெயர் வேண்டாம், நாளைக்கும் கடைக்கு வருகிறவர்தான்.

ஆர்கன் சங்கதி சின்னது. அந்த ஃபைல் அவர்களுடைய பழைய கீபோர்டுக்குச் செய்தது. புதுசு வாங்கிய பிறகும் அதையே போட்டிருக்கிறார்கள். ஃபைல் போய்த் தன்னிடம் இல்லாத பேங்க்கை, அதாவது டோன் தொகுப்பை, கேட்டால் சில கீபோர்டு சாதா டோனைக் கொடுக்கும், சிலது சத்தமே போடாது.

டைப் அடிக்கிற சோலி என்றதுதான் மனசில் தைக்கிறது. கம்ப்யூட்டரும் கீபோர்டும் பேசிக்கொள்ளும் மிடி வழியாக டோனின் பெயர் போவதில்லை, எண்தான் போகும். எந்த பேங்க் என்று சொல்ல கன்ட்ரோலர் 0, 32 என்று இரண்டு கட்டளை, அதற்குப் பின்னால் அதில் எந்த டோன் என்று சொல்லும் புரோகிராம் எண். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக 1991இல் வந்த ஜெனரல் மிடிப் பட்டியலில் 128 டோன் உண்டு, நாதஸ்வரம் கிடையாது. கிட்டத்தில் வருவது 112ஆவதான ஷெனாய். கீபோர்டுப் புத்தகம் 1 முதல் 128 வரை எண்ணும், சில சாஃப்ட்வேர் 0 முதல் 127 வரை எண்ணும். புத்தகத்தைப் பார்த்து, 0 முதல் எண்ணும் சாஃப்ட்வேரில் அப்படியே 112 என்று அடித்தால், ஷெனாய்க்குப் பதில் அடுத்த டோனான மணி கிணுகிணுக்கும். அம்மன் கொடையில் சாமியாடும் நேரத்தில் மேடையில் இது நடந்தால் யாரைத் திட்டுவார்கள்?

தவிலும் உறுமியும் நீங்களே ஏற்றிய டோன்கள். அவற்றுக்கு நெட்டில் எந்த லிஸ்ட்டும் இல்லை. தாளத்துக்கான 10ஆவது சேனலில் 36ஆம் எண் கட்டை கிக் டிரம், 38 ஸ்நேர் டிரம் என்பது ஊருக்கே தெரியும். உறுமியின் இழுப்பு எந்தக் கட்டையில் இருக்கிறது என்பதை ஒவ்வொன்றாக அமுக்கி, காது வைத்துக் கேட்டுத்தான் எழுத வேண்டும். சில நாள் விடிந்துவிடும்.

இதைச் செய்துவந்த நம் கடைத் தம்பி சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்துவிட்டான். நல்ல வேலை, போகாதே என்று சொல்ல மனசு வரவில்லை. இப்போது கடை அடைத்த பிறகு நானே உட்காருகிறேன். அதனால் அடுத்த மாதம் 1ஆம் தேதி முதல் டோன் ஃபைல் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 900 ஆகிறது. ஃபைல் கிடைக்கப் பத்து நாள் ஆகலாம், முன்பணம் திரும்பாது.

ஏற்கெனவே ஃபைல் வாங்கியவர்கள் கீபோர்டை மாற்றியிருந்தால், போடும் முன் ஒரு போன் பண்ணுங்கள். கொடை சீசனுக்கு வேண்டுமென்றால் இப்போதே கீபோர்டைக் கொண்டுவந்துவிடுங்கள். எந்த சாஃப்ட்வேர் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டி, அடாப்டரையும் மறக்காமல் எடுத்துவாருங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்