அந்த வளைவுகள் வீண் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மாநில நெடுஞ்சாலைகளை அகலப்படுத்துவது பற்றிய கட்டுரையில் ‘தேவையில்லாத வளைவுகள்’ என்று வந்திருந்தது. சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த இரண்டு சொற்களைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

தமிழ்நாட்டின் கிராமப்புற நெடுஞ்சாலைகளில் பலவும் வண்டிப்பாதையாக இருந்து, உடைத்த கல் பரப்பிய கப்பிச்சாலையாகி, அப்புறம் தார் கண்டவை. அடைமழையில் பார வண்டி வயல்வெளியில் இறங்கினால் அச்சு வரை புதைந்துவிடும். அதனால் மேடான ஏரிக்கரை மேலேயே தடம் போட்டார்கள். கரை வளைந்த இடத்தில் சாலையும் வளைந்தது. ஆற்றில் பாலம் இல்லாத காலத்தில், ஆழம் குறைந்த துறையைத் தேடி மைல் கணக்கில் சுற்றியும் போனார்கள்.

சரி, லாரிக்கும் பேருந்துக்கும் அந்த வளைவுகள் ஆகாது, நேராக்கத்தான் வேண்டும். ஆனால் கரையை விட்டு ஏரி நீர் பாயும் வயல்களான ஆயக்கட்டின் குறுக்கே மண் கொட்டி மேடாக்கிச் சாலை போட்டால், அதுவே இன்னொரு கரையாகிவிடுகிறது. அடியில் தண்ணீர் போக விடும் சிறுபாலம் ஒன்று குறைந்தாலும் ஒரு பக்கம் பயிர் மூழ்கும், மறுபக்கம் காயும். பழைய வளைவு ஏன் வந்தது என்று அளவெடுக்கும்போதே கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும்.

நேராக்கிய பின் கைவிடப்பட்ட பழைய சாலைத் துண்டுகளைப் பார்த்திருக்கிறீர்களா? இருபுறமும் பருத்த புளியமரங்கள், நடுவில் வெடித்த தார், அதன் மேல் காயும் நெல். ஓரத்தில் சீமைக்கருவேலத்துக்குள் பாதி புதைந்த மைல்கல், அதன் தலையில் மங்கிய பச்சை. மாநில நெடுஞ்சாலைக்குப் பச்சை, தேசிய நெடுஞ்சாலைக்கு மஞ்சள். தரம் உயர்ந்தால் கல்லின் நிறமும் எண்ணும் மாறிவிடும். மீனவ ஊர்களின் சாலைகளை இணைத்து உருவான கிழக்குக் கடற்கரைச் சாலையை எஸ்.எச். 49, அதாவது மாநில நெடுஞ்சாலை 49 என்றே அறிந்தோம். மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரை அதுவே இப்போது தேசிய நெடுஞ்சாலை 332ஏ.

தெற்கே மதுரையிலிருந்து கன்னியாகுமரிப் பக்கம் போகும் பழைய தடத்தை இன்னும் மங்கம்மாள் சாலை என்கிறார்கள். மதுரையை ராணி மங்கம்மாள் ஆண்டது முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு. அந்தப் பெயர் நிலைத்தது ஜனங்களின் வாயில்தான். அதனால் ஒரு வேண்டுகோள்: சாலைத் திட்டங்கள் பற்றி எழுதும்போது புதிய தடத்தோடு பழைய தடத்தையும் புள்ளிக்கோடாகப் போட்டு ஒரு வரைபடம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர் ஒருவர்