பிராக்மாட்டிக்காக ஒரு கையெழுத்து

அன்புள்ள சேகர்,

மூட்டுவலி குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. இங்கே மழை விட்டபாடில்லை.

செம்பூரில் எங்கள் ஹவுசிங் சொசைட்டி கட்டடம் ரீடெவலப்மென்டுக்குப் போகிறது; பழையதை இடித்துவிட்டு பில்டர் புதிதாகக் கட்டித்தருவான், அதுவரை நாங்கள் வெளியே தங்க வாடகையும் தருவான் என்பது பேச்சு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பில்டர் அனுப்பிய ஆள், "கொஞ்சம் பிராக்மாட்டிக்காக யோசியுங்கள்" என்று, அதாவது நடைமுறைக்கு ஏற்றபடி யோசியுங்கள் என்று, வாய்க்கு வாய் சொன்னான். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடு என்பதைத்தான் அப்படிச் சொன்னான். செக்ரட்டரியும் தலையாட்டினார். மூன்றாம் மாடி மாமி மட்டும் எழுந்து, "வீட்டை இடித்த பிறகு நீங்கள் வாடகைப் பணத்தை நிறுத்திவிட்டால் நாங்கள் எங்கே போய் நிற்பது? நீங்கள் தராவிட்டால் பேங்க் தரும் என்று பேங்க் கேரண்டி எவ்வளவு தருவீர்கள்?" என்று தன் மதுரை இந்தியில் கேட்டார். "அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்றான். மாமி எப்போதுமே நெகட்டிவ் என்று பின்வரிசையில் முணுமுணுப்பு வேறு.

எனக்கு நம் காலேஜ் தத்துவ வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. பிராக்மாட்டிசம் என்ற தத்துவத்தைத் தொடங்கிவைத்த அமெரிக்கர் சார்லஸ் பர்ஸ் 1878இல் எழுதியது இதைத்தானே: ஒரு கருத்துக்கு என்ன பொருள் என்று தெரியவேண்டுமானால், அதனால் நடைமுறையில் என்னென்ன விளையும் என்று பார். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் அப்படிப் பார்த்தவர் மாமி ஒருவர்தான்! பர்ஸுக்கே அந்தப் பெயரை ஆளாளுக்கு எடுத்தாண்டது பிடிக்கவில்லை. 1905இல் தன் கொள்கைக்கு 'பிராக்மாட்டிசிசம்' என்று வேறு பெயர் வைத்து, இவ்வளவு அசிங்கமான பெயரை யாரும் கடத்திப்போக மாட்டார்கள் என்றார். குசும்புக்காரர்.

இந்த மும்பையில் இருந்துகொண்டு அம்பேத்கரை நினைக்காமல் இருக்க முடியுமா? கொலம்பியாவில் அவருக்குப் பாடம் நடத்திய ஜான் டூயியும் இதே மரபுதான். முன்னோர் விட்டுப்போனதை எல்லாம் அப்படியே காப்பாற்றுவது சமூகத்தின் வேலை அல்ல, நல்ல எதிர்காலத்துக்கு உதவுவதை மட்டும் கொடுத்தால் போதும் என்ற டூயியின் கருத்தை 1936இல் சாதிக்கு எதிராகவே எடுத்து வைத்தார். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோ' என்பதற்கும் இதற்கும் என்ன உறவு, சொல்.

பேங்க் கேரண்டி இல்லாமல் கையெழுத்து இல்லை என்று நானும் மாமியுமாக எழுதிக் கொடுத்துவிட்டோம். செக்ரட்டரி இப்போது லிஃப்டில் என்னைப் பார்த்தால் போனை எடுத்துக்கொள்கிறார்.

சரி, உன் வயல் விஷயம் என்ன ஆயிற்று? வரப்புத் தகராறில் விட்டுக்கொடுத்துப் போ என்று பெரியவர்கள் சொல்கிறார்கள் என்றாயே. பாசனத் தண்ணீர் எந்தப் பக்கமாக வருகிறது என்பதைப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவெடு. பத்திர நகல் அனுப்பினால் இங்கே தெரிந்த வக்கீலிடம் காட்டுகிறேன்.

அன்புடன்,
ரகு