சுங்கை சிப்புட் சந்தையில் உதவிய அக்காவுக்கு நன்றி

மதுரையிலிருந்து தன்னார்வலராக மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு வந்து, இங்குள்ள தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கைவினை சொல்லிக்கொடுக்கிறேன். ஊரிலிருந்து வரவேண்டிய வண்ணத்தாள் பார்சல் வந்து சேரவில்லை. மறுநாள் வகுப்பு. சந்தையில் தாள் தேடி அலைந்தபோதுதான் அந்த அக்கா, "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்டு என் கவலையையும் கேட்டார்.

மறுநாள் காலை மோட்டாரில் தென்னங்குருத்தும் ஒரு பை ரப்பர் கொட்டையும் கொண்டுவந்து இறக்கினார். போகவில்லை, பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஈர்க்கைக் கிழித்தெடுத்து, ஓலையை இரு விரலில் சுற்றி, நுனியை உள்ளே நுழைத்து இழுத்தால் கிளி! பேசவே கூச்சப்படும் ஒரு சிறுமி மூன்று கிளி முடைந்தாள். புள்ளி போட்ட ரப்பர் கொட்டைகள் ஆமைகளாயின.

1877-இல் பக்கத்துக் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் நிற்கிறதாம். இப்போது சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். பால்மரம் சீவிய தாத்தா பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் அந்தக் கொட்டையைக் கையில் உருட்டிப் பார்த்ததே எனக்குப் பெரிது.

அக்கா, பெயர்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள். மனமார்ந்த நன்றி. அவரைத் தெரிந்தவர்கள் இதைக் காட்டுங்கள். பிள்ளைகள் அடுத்து வெட்டுக்கிளி கேட்கிறார்கள்.