கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் ஆசிரியரின் சுதந்திரமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமய நிறுவனங்கள் நடத்தும் பல்கலைக்கழகங்களில் உண்மையான ஆராய்ச்சிக்கு இடமே இல்லை என்று வாதிட்ட கட்டுரையைத் தங்கள் சென்ற இதழில் படித்தேன். வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் அருள்பணியாளர் சார்லஸ் கர்ரனை வெளியேற்றியதை அதற்குச் சான்றாகக் கட்டுரையாளர் காட்டியிருந்தார். அது கண்டனத்துக்குரிய செயல் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் அந்த நிகழ்வின் முழு வரலாற்றையும் பார்க்கும்போது, அவர் வந்தடைந்த முடிவை என்னால் ஏற்க இயலவில்லை.

அறநெறி இறையியல் கற்பித்துவந்த இளம் பேராசிரியரான கர்ரனுக்குப் பதவி உயர்வு அளிக்கலாம் என்று அப்பல்கலைக்கழகத்தின் கல்விப் பேரவையே பரிந்துரைத்திருந்த நிலையில், பெரும்பாலும் ஆயர்களைக் கொண்ட அறங்காவலர் குழு, 1967 ஏப்ரலில், காரணம் ஏதும் சொல்லாமல், அவரை அழைத்து விசாரிக்கவும் செய்யாமல், அவருடைய பணி ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவெடுத்தது. இறையியல் ஆசிரியர்கள் வகுப்புக்குச் செல்ல மறுத்தார்கள். பிற துறையினரும் மாணவர்களும் அவர்களோடு சேர்ந்துகொள்ள, பல்கலைக்கழகமே நின்றுபோயிற்று. அப்படி நின்றவர்களில் குருக்களும் கன்னியரும் இருந்தார்கள் என்பதைக் கட்டுரையாளர் கவனிக்க வேண்டுமென்று விரும்புகிறேன். சில நாள்களிலேயே முடிவு திரும்பப் பெறப்பட்டது. பதவி உயர்வும் வழங்கப்பட்டது. விசுவாசத்தில் ஊன்றி நின்ற ஒரு கல்விச் சமூகமே தன் உறுப்பினர் ஒருவருக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் தடுத்து நிறுத்தியது.

அடுத்த ஆண்டு, செயற்கைக் கருத்தடையை மறுக்கும் திருத்தந்தை ஆறாம் பவுலின் சுற்றுமடல் வெளிவந்தபோது, அதற்கு மாற்றுக் கருத்துத் தெரிவித்த இறையியலாளர்களின் அறிக்கைக்குக் கர்ரன் முன்னின்றார். பல்கலைக்கழகம் அதைப் பற்றி விசாரித்தது. சக பேராசிரியர்கள் அடங்கிய குழு ஆராய்ந்து, ஆசிரியர்களுக்குரிய பொறுப்பை அவர்கள் மீறவில்லை என்று 1969இல் கூறியது. இது முறையான வழி. ஒரு துறையில் ஒருவர் சொல்வது பொறுப்பான ஆய்வா, இல்லையா என்பதை அந்தத் துறையை அறிந்தவர்களே எடைபோட்டார்கள்.

1986இல் நடந்ததோ வேறு. கத்தோலிக்கப் போதனையைக் கண்காணிக்கும் வத்திக்கான் அமைப்பான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1979 முதல் நடத்திய விசாரணையின் முடிவில், அதன் தலைவரும் பின்னாளில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் ஆனவருமான கர்தினால் ராட்சிங்கர், கர்ரன் கத்தோலிக்க இறையியல் கற்பிக்கத் தகுதியற்றவர் என்று கடிதம் அனுப்பினார். நிரந்தரப் பணியில் இருந்த பேராசிரியர் மறு ஆண்டே இடைநீக்கம் செய்யப்பட்டார். அவர் நீதிமன்றம் சென்றார். 1989இல் தீர்ப்பு பல்கலைக்கழகத்துக்குச் சாதகமாக வந்தது. மறு ஆண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் அந்நிறுவனத்தை, கல்விச் சுதந்திரத்தை மீறியவற்றுக்கான தன் கண்டனப் பட்டியலில் சேர்த்தது. 1967இலும் 1969இலும் இருந்த அதே சமய அடையாளம்தான் 1986இலும் இருந்தது. தகுதியைத் தீர்மானிக்கும் அதிகாரம் மட்டும் வளாகத்தை விட்டு வெளியே போய்விட்டது. கேடு அங்கேதான் விளைந்தது.

இதை அன்றே தெளிவாக உணர்ந்தவர், அமெரிக்காவின் மற்றொரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான நோட்டர் டேமின் தலைவராக 1952 முதல் 1987 வரை இருந்த அருள்பணியாளர் தியோடர் ஹெஸ்பர்க். 1954இல் அவருடைய பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ஒரு தொகுப்பில், சமயச் சுதந்திரத்தை ஆதரித்து எழுதிவந்த இயேசு சபைக் குரு ஜான் கோர்ட்னி மர்ரியின் கட்டுரை இடம்பெற்றிருந்தது. அந்த நூலை விற்பனையிலிருந்து விலக்கிக்கொள்ளும்படி உரோமையிலிருந்து நெருக்கடி வந்தது. ஹெஸ்பர்க் இணங்க மறுத்துவிட்டார். துறவற சபையைச் சேர்ந்த ஒரு குரு மேலிடத்துக்கு அப்படி மறுமொழி சொல்வது அந்நாளில் எளிதன்று. அதே மர்ரியை வாஷிங்டன் கத்தோலிக்கப் பல்கலைக்கழக நிர்வாகம் 1963இல் ஒரு சொற்பொழிவுக்குக்கூட அழைக்க விடவில்லை. இரண்டே ஆண்டுகளில், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமயச் சுதந்திரம் பற்றிய அறிக்கையை 1965 டிசம்பர் 7 அன்று ஏற்றபோது, அதன் உருவாக்கத்தில் மர்ரியின் பங்கு முதன்மையானதாக இருந்தது. 1954இல் அந்நூல் முடக்கப்பட்டிருந்தால் இழப்பு ஆராய்ச்சிக்கு மட்டுமா? திருச்சபைக்கும்தான் என்று ஒரு கத்தோலிக்கனாகச் சொல்கிறேன்.

1967 ஜூலையில் ஹெஸ்பர்க் விஸ்கான்சின் மாநிலத்தின் லேண்ட் ஓ லேக்ஸ் என்னுமிடத்தில் கூட்டிய கூட்டத்தில் உருவான அறிக்கை, கல்விச் சமூகத்துக்கு வெளியே உள்ள எந்த அதிகாரத்தின் முன்னும், அது பொதுநிலையினருடையதாயினும் குருக்களுடையதாயினும், கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்குத் தன்னாட்சியும் கல்விச் சுதந்திரமும் வேண்டும் என்றது. அதனால் கத்தோலிக்க அடையாளம் கரைந்துபோயிற்று என்று வருந்துவோர் உண்டு. அவர்களின் கவலையை நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். பெயர்ப்பலகையிலும் சிற்றாலயத்திலும் மட்டும் எஞ்சும் அடையாளத்தால் யாருக்கும் பயனில்லை. ஆயினும் நோட்டர் டேமில் இடைக்கால ஆய்வு நிறுவனமும் அமைதி ஆய்வு நிறுவனமும் செழித்திருப்பதையும், சமய மெய்யியலில் அதன் மெய்யியல் துறை உலக அளவில் பெயர்பெற்றதையும் காண்கிறேன். அந்தப் பெயருக்குப் பெரிதும் காரணமான ஆல்வின் பிளான்டிங்கா கத்தோலிக்கர் அல்லர், சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தவர். கடவுளைப் பற்றிய கேள்வியை முழு மூச்சோடு கேட்க இடம் கொடுத்த பல்கலைக்கழகம் அது என்பதாலேயே அவரைப் போன்றோர் அங்கே பணியாற்றினார்கள். அடையாளம் அங்கே ஆராய்ச்சிக்கு உரமாகவே இருந்தது.

எனவே சமயப் பல்கலைக்கழகங்களிடம் நாம் கேட்க வேண்டியது, வரம்பு இருக்கிறதென்றால் அதைப் பணியமர்த்தும்போதே எழுத்தில் தாருங்கள் என்பதுதான். பேராசிரியர் சங்கத்தின் 1940ஆம் ஆண்டு அறிக்கையே இதை வலியுறுத்துகிறது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990இல் வெளியிட்ட ஆவணம் கல்விச் சுதந்திரத்தை ஏற்கிறது. ஆனால் உண்மைக்கும் பொது நலனுக்கும் உட்பட்ட எல்லைக்குள் என்கிறது. அந்த எல்லையைக் குறிப்பிட்ட ஒரு வழக்கில் யார் வரைவது என்பதில்தான் ஒவ்வொரு ஆசிரியரின் வாழ்வும் அடங்கியிருக்கிறது. கத்தோலிக்க இறையியல் கற்பிப்போர் திருச்சபை அதிகாரியிடம் ஒப்புதல் பெற வேண்டும் என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 812ஆம் விதி கூறுகிறது. ஒப்புதல் தருவதும் மறுப்பதும் ஆயரின் உரிமையாகவே இருக்கட்டும். ஆனால் அது மறுக்கப்பட்டது என்பதற்காக மட்டுமே, சக பேராசிரியர்களின் முறையான விசாரணை இன்றி, எவரையும் பணியிலிருந்து நீக்க மாட்டோம் என்று ஒவ்வொரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகமும் தன் பணி விதிகளில் எழுதிவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர்,
பாளையங்கோட்டை