அம்மா, அந்தப் புளூபெரியை வாங்க வேண்டாம்

ஒஸ்லோ, நோர்வே
ஆகஸ்ட் மாதக் கடைசி

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நாங்கள் எல்லோரும் சுகம். நீங்களும் சுகமாக இருக்கக் கோணேசரை வேண்டுகிறேன். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. இவருக்கு இரவு வேலை. வேறு பெரிய புதினம் இல்லை.

கொழும்பிலிருந்து வருகிற, புளூபெரி என்ற அந்தச் சின்ன நீலப் பழப் பெட்டியை அப்பாவின் சீனி வருத்தத்துக்கு வாங்கவா என்று கேட்டீர்கள். போனில் சொன்னால் பாதியில் வேறு கதைக்குப் போய்விடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். வாங்க வேண்டாம்.

கெட்ட பழம் என்று சொல்ல வரவில்லை. 100 கிராமில் 84 கிராம் தண்ணீர்தான், 57 கலோரி, சீனி 10 கிராம், நார்ச்சத்து இரண்டரை கிராமுக்குச் சற்றுக் குறைய. விட்டமின் சி 10 மில்லிகிராமுக்குக் கிட்ட. அதே 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. நம் கிணற்றடிக் கொய்யாவை வௌவாலுக்கு விட்டுவிட்டு, கப்பலேறி வந்த பழத்துக்குக் காசு கொடுக்கப் போகிறீர்களா? புளூபெரிக்கு இவ்வளவு புகழ் வந்ததெல்லாம் அந்த நீல நிறத்தால். அந்தோசயனின் என்கிறார்கள். நாவல்பழத்தின் தோலைக் கறுப்பாக்கி நாக்கை ஊதாவாக்குவதும் அந்த வகைச் சாயந்தான்.

புளூபெரி சீனி வருத்தத்தை மாற்றும், கண்ணுக்கு நல்லது என்று அப்பாவுக்கு யாரோ காட்டிய வீடியோவில் பொய் கொஞ்சம், உண்மை கொஞ்சம். 2013இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஒரு ஆய்வு வந்தது. புளூபெரி, திராட்சை, அப்பிள் போன்ற பழங்களை முழுதாகச் சாப்பிட்டு வந்தவர்களுக்குச் சீனி வருத்தம் வருவது குறைவாக இருந்ததாம். ஜூஸாகக் குடித்தவர்களுக்கு மாறாகக் கூடுதலாம். ஆனால் அது வருத்தம் இல்லாதவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்த கணக்கு. வந்த வருத்தத்தை மாற்றும் என்று அதில் இல்லை. கிளினிக் குளிசையை ஒரு நாளும் விட வேண்டாம் என்று அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

கண்ணுக்கு நல்லது என்பதும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் இதன் ஐரோப்பியக் காட்டு இனத்தின் ஜாம் சாப்பிட்டு இருட்டில் குறி பார்த்தார்கள் என்று ஒரு கதை. பிறகு ஒழுங்காகச் சோதித்துப் பார்த்தபோது இரவுப் பார்வை கூடியதாகத் தெரியவில்லை. 1942 சித்திரையில் திருகோணமலைச் சீனன்குடாவில் ஜப்பான்காரன் குண்டு போட்டதைத் தாத்தா சொல்லுவாரே, அப்போது அங்கே இருந்ததும் அந்தப் பிரிட்டிஷ் விமானப்படைதான். அங்கே யாரும் ஜாம் சாப்பிட்டதாகத் தாத்தா சொன்னதில்லை!

இங்கே எங்களுக்கு அந்தக் காட்டு இனம் காசில்லாத பழம். மெட்ரோவில் ஏறிக் கடைசி ஸ்டேசனில் இறங்கினால் காடு. செடி முழங்காலுக்குக் கீழே, கொத்தாகக் காய்க்காது, ஒவ்வொன்றாகத்தான் இருக்கும். பயிர் செய்யாத காட்டில் யாரும் நடக்கலாம் என்று 1957இல் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள், பழம் பறிக்கவும் தடையில்லை. நம் ஊரில் விறகுக்குப் போவதற்கே எத்தனை பேரிடம் கேட்டோம் என்று நினைத்துக்கொள்வேன். பறிப்பதற்குக் கம்பிப் பல் வைத்த ஒரு அள்ளி விற்கிறது. செடியைக் கீழிருந்து மேலே வாரினால் பழமும் இலையும் சேர்ந்தே வரும். இலையைப் போக்க இவர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். நான் நீங்கள் தந்துவிட்ட சுளகில் போட்டுப் புடைக்கிறேன். பக்கத்து வீட்டு நோர்வேக்காரி நின்று பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று எடுப்பித்துத் தரச் சொன்னா. திரும்பி வந்ததும் பிள்ளைகளின் காலில் உண்ணி பார்க்க வேண்டும், அது ஒரு வேலை.

இந்தக் காட்டுப் பழம் உங்களிடம் வராது. உள்ளே சதையும் நீலம், மெதுமை, தொட்டாலே சாறு கசியும், தூரப் பயணம் தாங்காது. பெட்டியில் வருவது அமெரிக்க இனம். நியூ ஜெர்சியில் எலிசபெத் வைட் என்ற பெண்ணும் ஃபிரெடெரிக் கோவில் என்ற தாவரவியலாளரும் சேர்ந்து காட்டுச் செடிகளிலிருந்து தெரிந்தெடுத்து வளர்த்து, 1916இல் முதல் அறுவடையை விற்றார்கள். அதன் சதை வெளிறியது, நிறமெல்லாம் தோலில்தான்.

கொழும்புச் சின்னம்மா நான் என்ன சொன்னாலும் வாங்குவா. அவவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். பெட்டியை மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும், பழம் தனித்தனியாக உருள வேண்டும். ஒட்டிக்கொண்டு நின்றால் உள்ளே நசிந்தது இருக்கும், இல்லாவிட்டால் பூஞ்சணம். பெட்டியின் அடியில் சாற்றுக் கறை இருந்தால் வைத்துவிட்டு வரலாம். மேலே சாம்பல் பூத்த மாதிரித் தெரிவது மருந்து இல்லை, பழத்தின் சொந்த மெழுகு, அது இருந்தால் புதுசு. காம்புப் பக்கம் சிவப்பாக இருந்தால் முற்றாமல் பறித்தது. வீட்டில் வைத்தால் நிறம் மாறும், இனிப்பு ஏறாது.

வாங்கி வந்ததும் கழுவக் கூடாது. அந்த மெழுகு போய் ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். பழுதானதைப் பொறுக்கி எறிந்துவிட்டு பிரிஜ்ஜில் வைத்தால் ஒரு கிழமைக்கு மேல் நிற்கும், சாப்பிடும்போது கழுவினால் போதும். மிஞ்சினால் ஒரு தட்டில் ஒன்றோடொன்று முட்டாமல் பரப்பி ஃபிரீசரில் கல்லாக்கி, பிறகு பையில் போட்டுக் கட்டலாம். முதலே பையில் போட்டால் ஒரே கட்டியாகிவிடும். எங்கள் ஃபிரீசரில் வருகிற பங்குனி வரைக்கும் இருக்கிறது. சின்னவன் புட்டோடுகூடப் பிசைந்து சாப்பிடுகிறான், அந்த நீலப் புட்டைப் பார்க்கச் சகிக்காது.

அடுத்த மாதம் இவரின் சிநேகிதர் ஊருக்கு வருகிறார். இரண்டு போத்தல் ஜாம் கொடுத்துவிடுகிறேன். அதில் பாதி சீனி, அதனால் அப்பாவின் கண்ணில் படாமல் அக்காவின் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். சுளகு மறக்க வேண்டாம், அவர் திரும்பும்போது ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

அன்பு மகள்